மூன்று அவுன்ஸ் வல்லாரை: 1855ஆம் ஆண்டுப் புதுச்சேரிப் பகுப்பாய்வும் முதியோர் நினைவாற்றல் சோதனைகளும்

முதியோரின் நினைவு மங்கலுக்கு வல்லாரை உதவுமா என்று ஆராய்பவர்கள் 1970களிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, பிரெஞ்சுப் புதுச்சேரியில் மருந்தாளராக இருந்த லெப்பீன் இந்த மூலிகையைப் பகுத்துப் பார்த்து 1855இல் முடிவுகளை வெளியிட்டார். அதில் கிடைத்த எண்ணெய் போன்ற பொருளுக்குத் தமிழ்ப் பெயரை ஒட்டியே ‘வெல்லாரின்’ என்று பெயரிட்டார். அன்று வல்லாரையைப் பற்றிய பேச்செல்லாம் தொழுநோய், தோல்நோய் சார்ந்தது. நினைவாற்றல் அந்தப் பேச்சில் இல்லை. ஆனால் இலையில் வேலை செய்யும் பொருள் எது என்ற கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னோடி. அந்தக் கேள்வி 1874இல் அவசரமாக முடித்துவைக்கப்பட்டது என்பதே என் வாதம்.

முடித்துவைத்தவர்கள் ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும். லண்டனில் வெளியான அவர்களது ‘ஃபார்மகோகிராஃபியா’ பின்னாளில் மூலிகை பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் அடிப்படை நூல். உலர்ந்த செடியில் நூற்றுக்கு 0.8 முதல் 1 வரை வெல்லாரின் கிடைக்கும், அது ஆவியாகாத எண்ணெய், பச்சை வல்லாரையின் மணமும் சுவையும் உடையது, சாராயத்திலும் ஈதரிலும் கரையும் என்ற லெப்பீனின் கூற்றுகளை அவர்கள் நேர்மையாகவே எடுத்துச் சொல்கிறார்கள். பிறகு தங்கள் சோதனையைத் தருகிறார்கள். மூன்று அவுன்ஸ் உலர்ந்த செடியைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்தார்கள். பச்சை நிறச் சாறு கிடைத்தது. வெந்நீரில் அது ஏறக்குறைய முழுதும் கரைந்தது. அதில் பெரும்பகுதி துவர்ப்புப் பொருளான டானின். வெல்லாரின் போன்ற எதுவும் தென்படவில்லை.

இந்தச் சில வரிகளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று அவுன்ஸ் என்பது சுமார் 85 கிராம். லெப்பீனின் விகிதம் சரியென்றே கொண்டாலும் கிடைக்க வேண்டியது முக்கால் கிராம் அளவு எண்ணெய்தான். பச்சையமும் டானினும் கலந்த சாற்றில் அவ்வளவு சிறிய பிசுக்கு தானாக மிதந்து வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது; ஈதரில் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அப்படிப் பிரித்ததாக நூலில் குறிப்பில்லை. வெந்நீரில் கரையாமல் சிறிதளவு எஞ்சியது என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்த மிச்சம் என்ன? நூல் அதைத் தொடவே இல்லை. என் பார்வையில் வழக்கின் மையமே அந்த மிச்சம்தான்.

அவர்கள் கையாண்ட சரக்கின் வயதும் கேள்விக்குரியது. ஐரோப்பாவுக்கு வல்லாரை பெரும்பாலும் காய்ந்த சரக்காகக் கப்பலில்தான் போயிருக்கும். புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடியில் கீரைக்காரம்மாவிடம் வாங்கும் ஈரக் கட்டிலிருந்து ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, நாட்டுமருந்துக் கடைப் பொடியை முகர்ந்தால், பச்சை வாடை பொடியில் பெரும்பாலும் போயிருப்பது தெரியும். லெப்பீன் சொன்ன அடையாளங்களில் ஒன்று அந்த வாடை.

என் வாதத்தின் வலுக்குறைந்த இடமும் இதுவே. லெப்பீனும் உலர்ந்த செடியிலிருந்துதான் விகிதம் சொன்னார். எனவே உலர்ந்ததால் பொருள் அழிந்தது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. ஊரிலேயே காயவைத்த இலைக்கும் மாதக்கணக்கில் கிடந்த சரக்குக்கும் வேறுபாடு உண்டு என்பது என் ஊகம். 1941இல் போந்தெம் வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த ஏசியாட்டிகோசைடு எண்ணெய் அல்ல, கிளைக்கோசைடு. அதை வெல்லாரினோடு ஒன்றாக்கவும் முடியாது. லெப்பீன் கண்டது சரி என்று நான் வாதிடவில்லை. அவர் தவறு என்று காட்டப் போதிய சோதனை நடக்கவில்லை என்கிறேன்.

வல்லாரை நினைவுக்கான மருந்தாக முன்னுக்கு வந்த காலத்தைக் குறிப்பது கடினம். சரக சங்கிதை அறிவை வளர்க்கும் நான்கு ‘மேத்ய ரசாயனங்களில்’ ஒன்றாக மண்டூகபர்ணியின் பச்சைச் சாற்றைச் சொல்கிறது. அது வல்லாரையே என்பது பரவலான கருத்து. ஆனால் 1826இல் ஐன்ஸ்லி ‘மெட்டீரியா இண்டிகா’வில் பதிந்த சென்னை மாகாண வழக்கு வேறு: வறுத்த இலையை வெந்தயத்தோடு சேர்த்துக் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்தார்கள், அடிபட்ட இடத்தில் பற்றுப் போட்டார்கள். சித்த மருத்துவக் குணபாட நூல்களின் காலம் உறுதிப்படாத நிலையில் இவ்விரண்டுக்கும் இடையில் தமிழ் வழக்கை எங்கே வைப்பது என்று சொல்ல முடியாது.

இருபதாம் நூற்றாண்டுச் சோதனைகள் கேள்வியைத் தீர்க்காமலே கடந்தன. 1973இல் அப்பா ராவ் குழுவினர் மனவளர்ச்சி குன்றிய 30 குழந்தைகளிடம் சோதித்து முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். 2008இல் வெளியான தாய்லாந்துச் சோதனையில் நலமான முதியோர் 28 பேருக்கு 250, 500, 750 மில்லிகிராம் சாறு இரண்டு மாதம் தரப்பட்டது. கூடுதல் அளவில் செயல்நினைவு மேம்பட்டது. 2006இல் வெளிவந்த லக்னோ சோதனையில் 55 வயதைக் கடந்தவர்களுக்குத் தரப்பட்டதோ நீர்ப்பிரமி என்ற வேறு செடி. வட இந்தியாவில் இரண்டுமே ‘பிரமி’ என்று விற்கப்படுவதால் அந்த நற்பெயரும் வல்லாரைக் கணக்கில் ஏறிவிடுகிறது. இது முதியோருக்குச் செய்யும் தீங்கு. எந்தச் செடியை விழுங்குகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

2017இல் புத்தாரக் குழுவினர் 11 ஆய்வுகளைத் தொகுத்து, அறிவாற்றலின் எந்தப் பிரிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். அவற்றில் வல்லாரையை மட்டும் தந்தவை ஐந்து, மற்றவை கலவைகள். தரப்படுத்திய சாறு வேண்டும் என்று அவர்களே வலியுறுத்துகிறார்கள். அமெரிக்காவின் ஜிங்கோ சோதனையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர், ஒரே சாறு, நாளுக்கு 240 மில்லிகிராம், சுமார் ஆறாண்டுக் கண்காணிப்பு. மறதிநோயை ஜிங்கோ தடுக்கவில்லை என்ற 2008ஆம் ஆண்டு முடிவை நம்பலாம், ஏனெனில் எது தோற்றது என்று தெரியும். வல்லாரையில் பச்சைச் சாறா, பொடியா, சாராயச் சாறா, எது தோற்றது என்று அந்தத் தொகுப்பைக் கொண்டு சொல்ல முடியாது. 1874இன் தவறு வேறு உருவில் தொடர்கிறது.

ஆகவே முதியோரிடம் அடுத்த சோதனை தொடங்கும் முன் ஒரு சிறு வேலை பாக்கியிருக்கிறது. ஒரே வயலில் பறித்த வல்லாரையை ஈரமாகவும், நிழலில் உலர்த்தியும், ஆறு மாதம் மூட்டையில் வைத்தும் ஈதரால் பிரித்து, அந்த எண்ணெய் வருகிறதா, எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பிள்ளைச்சாவடியை அடுத்த காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையே இதைச் செய்துவிடலாம்.