விமானி யாருக்கு நிகர்?

1919-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், நியூயார்க்கை அடுத்த பெல்மான்ட் பார்க் திடலை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஆகாயத் தபால் விமானம் புறப்பட வேண்டிய நேரம். அக்கால விமானங்களில் விமானியின் தலைக்கு மேல் கூரை கிடையாது, வானொலி கிடையாது, மேகத்துக்குள் புகுந்தவனுக்கு மேல் எது, கீழ் எது என்று காட்டும் கருவியும் கிடையாது. இந்தப் பனியில் பறக்க இயலாது என்று லியோன் ஸ்மித் என்னும் விமானி மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட ஹாமில்ட்டன் லீயும் மறுத்தார். வாஷிங்டனில் மேசை முன் அமர்ந்து ஆகாயத் தபாலை நிருவகித்துவந்த ஆட்டோ பிரேகர் இருவரையும் வேலையினின்று நீக்கினார். உடனே மற்ற விமானிகளும் பறக்க மாட்டோம் என்று நின்றுவிட்டனர்.

இவ்வேலை நிறுத்தம் சம்பளத்துக்காக எழுந்ததன்று. பறப்பதா, தங்குவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதே வழக்கு. தபால்காரர் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் கடிதம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுபோல விமானியும் சேர்க்க வேண்டும் என்பது தபால் இலாகாவின் எண்ணம். தபால்காரர் மழையில் நனைந்தால் உடை மாற்றிக்கொள்ளலாம். 1918-இல் தொடங்கிய ஆகாயத் தபாலை இலாகா 1927-இல் கைவிடும்வரை முப்பதுக்கு மேற்பட்ட விமானிகள் மாண்டனர்.

சில நாள்களிலேயே உடன்பாடு ஏற்பட்டது. வானிலையைத் திடலின் மேலாளர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்; விமானி அஞ்சி மறுத்தால் மேலாளர் தாமும் விமானத்தில் ஏறி வானத்தைப் பார்த்துவர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தரையில் நின்று கட்டளையிடுவோரின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி தோன்றியிராது! லீ மீண்டும் வேலைக்குச் சேர்க்கப்பட்டு 1949 வரை பறந்தார். ஸ்மித்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

நோயாளியை அறுக்கலாமா, கூடாதா என்பதை டாக்டர் முடிவு செய்கிறார். மருத்துவமனையின் கணக்கர் அதில் தலையிடுவதில்லை. டாக்டருக்கு அவ்வுரிமையைப் படிப்பும் பட்டமும் தந்தன. விமானிக்கோ அதன் முதற் கூறு வேலை நிறுத்தத்தால் கிட்டியது. விமானியின் தொழிலைப் பிற தொழில்களோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி இது.

1930-களின் தொடக்கத்தில் பான் அமெரிக்கன் கம்பெனி தன் விமானிகளின் தோல் சட்டையைக் கழற்றிவிட்டுக் கப்பல் அதிகாரிகளின் உடையை அணிவித்தது. கடல்மேல் பறக்கும் படகு விமானங்களில் ஏற அஞ்சிய பிரயாணிகளுக்குத் தைரியம் ஊட்டுவது அதன் நோக்கம். கேப்டன் என்ற பட்டமும் சட்டைக் கையிலுள்ள பொற்பட்டைகளும் அவ்வாறு வந்தவையே. ஆயின் உடையைத் தந்தவர்கள் கப்பல் தலைவனின் அதிகாரத்தையும் சேர்த்துத் தந்தார்களா என்பது வேறு செய்தி.

அதே ஆண்டுகளில் சிகாகோ நகரில் டேவிட் பென்கி என்ற விமானி ஒரு சங்கம் அமைத்தார். அமெரிக்க விமானிகள் சங்கம் 1931-இல் பிறந்தது. தொழிலாளர் சம்மேளனத்தோடு அதனை இணைக்க அவர் முயன்றபோது, கழுத்துப்பட்டை கட்டிய சிலருக்குச் சுத்தியல் பிடிப்போருடன் ஒரே பந்தியில் அமரக் கூச்சமாக இருந்தது. பென்கி அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் தம் தோழர்களுக்குத் தேடிய ஒப்புமை டாக்டரும் அன்று, கப்பல் தலைவனும் அன்று. ரயில் எஞ்சின் ஓட்டுபவர்.

அதற்குத் தக்க காரணம் உண்டு. அமெரிக்க ரயில்களில் 100 மைல் ஓட்டினால் ஒருநாள் வேலையாகக் கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். வண்டி விரைவாக ஓடினால் அதன் பலனில் ஒரு பங்கு ஓட்டுபவருக்கும் சேரும். 1933-இல் போயிங் 247 போன்ற விரைவான விமானங்கள் வந்ததும், மைல் கணக்கில் தந்துவந்த சம்பளத்தை மணிக்கணக்காக மாற்ற விமானக் கம்பெனிகள் முனைந்தன. எட்டு மணி நேரத்தில் கடந்த தொலைவை ஐந்து மணி நேரத்தில் கடந்தால், ஐந்து மணி நேரச் சம்பளம் போதும் அல்லவா? தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை. நாட்கூலியா, எடைக்கூலியா என்ற கேள்விக்குள் எவ்வளவு காசு ஒளிந்திருக்கிறது என்பதைப் பால்மரம் வெட்டுவோர் நன்கறிவர்.

வழக்கு தேசியத் தொழிலாளர் வாரியத்தின் முன் சென்றது. 1934 மே 10-இல் வெளியான 83-ஆம் எண் தீர்ப்பு, அடிப்படைச் சம்பளம், மணிக்கணக்கு, மைல் கணக்கு ஆகிய மூன்றையும் சேர்த்தது. மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கலாகாது என்றும் வரையறுத்தது. 1936-இல் ரயில் தொழிலாளர் சட்டம் விமானக் கம்பெனிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பொற்பட்டை அணிந்த கேப்டன் இன்றளவும் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு ரயில்காரரின் பங்காளியே.

நம் பகுதியிலும் இக்கேள்வி எழாமல் இல்லை. 1980 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பளத் தகராற்றில் விதிப்படி மட்டும் வேலை செய்யும் முறையைக் கைக்கொண்டபோது, பிரதமர் லீ குவான் இயூ அவர்களை நேரில் அழைத்துக் கண்டிப்பாகப் பேசினார். போராட்டம் அத்துடன் நின்றது. 1981-இல் பழைய சங்கம் பதிவை இழந்து, புதிய சங்கம் தோன்றியது.

ஒப்புமையே பகையாக முடிந்த இடம் ஆஸ்திரேலியா. 1989-இல் அங்குள்ள உள்நாட்டு விமானிகள் 29.47 விழுக்காடு சம்பள உயர்வு கேட்டனர். நாடு முழுவதும் சம்பளம் ஓர் ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருந்த காலம் அது. ஆகஸ்டு 18 முதல், அலுவலகப் பணியாளர்போலக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பறப்போம் என்று அவர்கள் அறிவித்தனர். குமாஸ்தாவுக்குரிய வசதி எங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் சொல்லப்போக, பிரதமர் பாப் ஹாக் அவர்களை அலங்காரம் செய்த பஸ் ஓட்டிகள் என்று எள்ளியதாகச் சொல்லப்படுகிறது. இந்த ஹாக் அந்நாட்டுத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகப் பல்லாண்டு இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அரசாங்கம் ஆகாயப் படை விமானங்களில் பிரயாணிகளை ஏற்றியது. கம்பெனிகள் தனித்தனியே தங்கள்மேல் வழக்குத் தொடுக்கும் என்று அஞ்சிய 1,600-க்கு மேற்பட்ட விமானிகள் ஒரே வேளையில் ராஜினாமா செய்தனர். இது பெரும் பிழையாயிற்று. கம்பெனிகள் தனிநபர் ஒப்பந்தத்தில் புதியவர்களையும், திரும்பி வந்த பழையவர்களையும் சேர்த்துக்கொண்டன. எஞ்சியோர் ஆசியாவிலும் பிற நாடுகளிலும் வேலை தேடிப் பிரிந்தனர்.

பஸ் ஓட்டி என்ற ஏச்சு தவறானது. டாக்டர் என்ற பெருமையும் முழுப் பொருத்தமுடையதன்று. ஒரு மருத்துவமனையைவிட்டு நீங்கும் டாக்டர் மறுநாளே வேறூரில் கிளினிக் திறக்கலாம். அவருடைய அனுபவத்துக்கு அங்கும் மதிப்புண்டு. விமானிக்கோ பெரும்பாலான கம்பெனிகளில் முதுநிலைப் பட்டியலே உயிர்நாடி. எந்த விமானம், எந்தத் தடம், எப்பொழுது விடுமுறை, எப்பொழுது கேப்டன் பதவி என்பவற்றைப் பட்டியலில் அவருக்குள்ள இடமே முடிவு செய்யும். இருபதாண்டு பறந்தவர் கம்பெனி மாறினால் புதிய பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். தேர்ச்சியில் டாக்டரையும், பிழைப்பில் ஒரே ஆலையை நம்பிய தொழிலாளியையும் ஒத்தவர் அவர். 1989-இல் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் இழந்தது வேலையை மட்டுமன்று, அதுவரை ஏறிவந்த ஏணி முழுவதையுமே.

2009-ஆம் ஆண்டில் இந்த இரட்டை நிலை நன்கு வெளிப்பட்டது. ஜனவரி 15-இல் பறவைகள் மோதி எஞ்சின்கள் நின்றுபோன விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி, அதிலிருந்த 155 பேரும் உயிர் தப்பச் செய்தார் கேப்டன் செஸ்லி சல்லன்பர்கர். அடுத்த மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அவர் பாராட்டுப் பெறச் சென்றபோது, தம் சம்பளம் 40 விழுக்காடு குறைக்கப்பட்டதையும், ஓய்வூதியத் திட்டம் நிறுத்தப்பட்டதையும் எடுத்துரைத்தார்.

அதே பிப்ரவரியில் 12-ஆம் நாள் பஃபலோ நகரருகே ஒரு சிறு விமானம் வீட்டின்மேல் விழுந்து 50 பேர் மாண்டனர். அதன் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. வேலை செய்யும் ஊரில் வீடு எடுக்காத அவர், நாட்டின் மேற்குக் கோடியில் பெற்றோர் வீட்டில் வாழ்ந்து, முந்தைய இரவு முழுவதும் பிரயாணம் செய்து கிழக்குக் கரையில் வேலைக்கு வந்திருந்தார். 2010-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பயனாகத் துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றாயிற்று. ஓய்வு நேர விதிகளும் திருத்தப்பட்டன. சம்பளத்தைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் வகுக்கவில்லை.