இராஜகோபாலாச்சாரி, சி. (1878–1972)

சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் பின்னர் சென்னை மாநில முதல்வராகவும் இருந்தவர், இராஜாஜி எனப்பட்டார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்தார். 1911இல் சேலம் நகராட்சி உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவர். நகராட்சிக்கு முதல் தாழ்த்தப்பட்ட உறுப்பினர் வந்தது இக்காலத்தில்தான்.

1937இல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். கள், சாராய வருவாய் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. பின்னர் பல ஆண்டுகள் அரசுக்குப் படியளந்த வரி இதுவே எனலாம். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதோ பெரும் போராட்டத்தைக் கிளப்பியது. 1939 அக்டோபரில் பதவி விலகினார்.

இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராக இருந்தபின், 1952இல் முதல்வரானார். அதே ஆண்டு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது மக்களிடம் நற்பெயர் தந்தது. 1953இன் தொடக்கக் கல்வித் திட்டம் அதைக் கெடுத்தது: நாளில் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில். எதிர்த்தவர்கள் இதைக் ‘குலக்கல்வி’ என்றனர்; பெயர் நிலைத்துவிட்டது. சொந்தக் கட்சியிலும் ஆதரவு குறைய, 1954 ஏப்ரலில் விலகினார். அடுத்து முதல்வரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.