தேய்ந்த மூட்டும் தேர்ந்த மருந்தும்

மனித உடலின் பாரத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்து நிற்பன இடுப்பு மூட்டுக்களும் முழங்கால் மூட்டுக்களுமாம். இளமையில் அவற்றின் தொண்டினை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதுமை வந்து மூட்டுத் தேய்ந்த பின்னரோ, படியேறுதல், தரையிற் சம்மணமிட்டிருத்தல், சந்நிதியில் வீழ்ந்து வணங்கி எழுதல் ஆகிய எளிய செயல்களெல்லாம் அரிய செயல்களாகிவிடுகின்றன. இந்நோவைத் தணித்தற்கு மனிதன் தேடிய மருந்துகளின் வரலாறு நீண்டது. அவ்வரலாற்றில் இரசாயன அறிஞர்க்கும் வைத்தியர்க்கும் இடமுண்டு. வணிகர்க்கும் அரசுக்கும் இடமுண்டு. கொழும்பு மாநகரில் எழுந்த ஒரு பெருமுயற்சிக்குஞ் சிறப்பான இடமுண்டு. நல்ல மருந்து எது என்னும் வினாவுக்கு, அதன் பயன், கேடு, பெயர், விலை ஆகிய நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி விடைகாண இயலாது என்பதையே அவ்வரலாறு உணர்த்துகின்றது.

தமிழ் மருத்துவம் உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் நிலையைக்கொண்டு விளக்குவது. அசைவுக்குக் காரணமாயுள்ளது வாதமாதலின், மூட்டு நோய்கள் பெரும்பாலும் வாத நோய்களுள் அடக்கப்பட்டன. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி கீல்வாயுவைப் பல வகையாகப் பகுத்துரைக்கின்றது. கீல் என்பது மூட்டு. அவ்வகைகளுள் அழல் கீல்வாயு என்பதனையே இக்காலச் சித்த வைத்தியர் மூட்டுத் தேய்வு நோயோடு ஒப்பிட்டுக் கூறுவர். ஈழத்திலும், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் பட்டப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் தோன்றின. நொச்சியிலை, எருக்கிலை முதலியவற்றால் ஒத்தடமிடுதல், எண்ணெய் பூசி உருவுதல், பற்றிடுதல் என்பன நாட்டு வைத்தியத்தின் வழக்கமான முறைகளாயின. நோவுள்ள இடத்திலேயே மருந்தைச் சேர்த்தல் என்னும் அம்முறையின் கருத்து, பிற்காலத்தில் வேறொரு வழியாக மீண்டும் மதிப்புப் பெற்றது.

மேனாட்டு மருத்துவத்திலும் மூட்டு நோய்கள் நெடுங்காலம் வேறுபடுத்தி அறியப்படவில்லை. 1859ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் அல்பிரட் காரொட் ஒருவகை மூட்டழற்சிக்கு முடக்குவாதம் எனப் பொருள்படும் தனிப்பெயரை வழங்கினார். அவர் மகன் ஆர்ச்சிபோல்ட் காரொட் 1907இல் மூட்டுத் தேய்வு நோயை அதனின்றும் பிரித்துக் காட்டினார். 1895இல் றொன்ட்கன் கண்ட எக்ஸ் கதிர்கள் மூட்டினுள் நிகழ்வதைக் கண்ணாற் காண வழி செய்தன. 1957இல் கெல்கிரன், லோறன்சு என்னும் இருவர் எக்ஸ் கதிர்ப் படங்களைக்கொண்டு நோயின் படிநிலைகளை வகுத்தனர். என்பின் முனையை மூடியுள்ள வழுவழுப்பான கசியிழையம் மெலிந்து சிதைதலும், என்பின் ஓரங்களில் முட்கள் போன்ற வளர்ச்சி தோன்றுதலும், மூட்டின் உறை வீங்குதலும் இந்நோயின் இயல்புகளாம். ஆயின் படத்திற் காணப்படுந் தேய்வும் நோயாளி படும் வேதனையும் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை. இதனாலேயே நோவைத் தணிக்கும் மருந்து தனியொரு பொருளாக ஆராயப்படலாயிற்று.

அம்மருந்தின் தோற்றத்தை ஒரு மரப்பட்டையிற் காணலாம். இங்கிலாந்துப் பாதிரியாராகிய எட்வேட் ஸ்ரோன், வில்லோ மரப்பட்டையின் தூள் முறைக்காய்ச்சலைத் தணிப்பதைக் கண்டு 1763இல் றோயல் சங்கத்துக்கு எழுதினார். 1828இல் மியூனிச் நகரத்து இரசாயன அறிஞர் பூக்னர் அப்பட்டையின் கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்துச் சலிசின் எனப் பெயரிட்டார். 1876இல் ஸ்கொட்லாந்து மருத்துவர் மக்லகன் அதனை மூட்டு வீக்கத்தோடு கூடிய வாதக் காய்ச்சலுக்குக் கொடுத்து நற்பயன் கண்டார். மூட்டு நோவுக்கும் சலிசின் வழிவந்த மருந்துகளுக்கும் உள்ள உறவு இவ்வாறு உறுதிப்பட்டது.

அக்காலத்து இலங்கையின் நிலை நோக்கத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழி வாயிலாகவே கற்பித்தார். 1872இல் வைத்தியாகரம் என்னும் பெருநூலையும் வெளிப்படுத்தினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இல் நிறுவப்பட்டது. ஆகவே சலிசின் மூட்டு நோவுக்கு மருந்தென மக்லகன் எடுத்துக் காட்டுவதற்கு முன்னரே, அத்தகைய புதுமையைக் கற்றுக்கொள்ளும் வாயில்கள் இந்நாட்டில் இரு மொழிகளில் திறந்திருந்தன. கற்றற்கு வாயில் இருந்தும், மருந்தைத் தேர்ந்து வாங்கும் உரிமை நாட்டின் கையில் நெடுங்காலம் இருந்ததில்லை.

1897இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியில் சலிசிலிக்கமிலத்தினின்றும் தூய அசற்றைற்சலிசிலிக்கமிலம் ஆக்கப்பட்டது. 1899இல் அது அஸ்பிரின் என்னும் வணிகப் பெயருடன் உலகச் சந்தைக்கு வந்தது. நாவில் நில்லாத இரசாயனப் பெயரை மக்கள் மறந்தனர். வணிகப் பெயரே நிலைத்தது. முதலாம் உலகப் போரின் விளைவாகப் பிரித்தானியா முதலிய நாடுகளில் அப்பெயர்மீது அக்கம்பனிக்கிருந்த தனியுரிமை அழிந்தது. அவ்விடங்களிற் பலரும் அம்மருந்தை அப்பெயரால் ஆக்கி விற்கலாயினர். பொருள் ஒன்றாக, பெயர் பலவாக, பெயருக்கேற்ப விலையும் பலவாக விற்கப்படும் வழக்கம் மருந்து வணிகம் எங்கும் வேரூன்றியது. இவ்வழக்கமே பின்னர் ஏழை நாடுகளின் செல்வத்தை உறிஞ்சுங் கால்வாயாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் புதுமருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹெஞ்ச் என்பவர் முடக்குவாத நோயாளிக்குக் கோட்டிசோன் கொடுத்து வியப்பான பயன் கண்டார். 1950இல் அவரும் வேறிருவரும் நொபெல் பரிசு பெற்றனர். அதன் இனத்ததாகிய ஹைட்ரொகோட்டிசோனை மூட்டினுள்ளேயே ஊசியாற் செலுத்தும் முறையை ஹொலாண்டர் 1951இல் வெளியிட்டார். 1949இல் வந்த பீனைல்பியூட்டசோன் நோவை நன்கு தணித்தது. ஆயின் குருதியை ஆக்கும் என்பு மச்சையைச் சிலரிற் கெடுத்தமையால் அதன் வழக்கு பிற்காலத்திற் பெரிதும் ஒடுக்கப்பட்டது. 1960களில் இந்தோமெதசினும், 1969இல் பிரித்தானியாவில் இபுபுறொபனும் வழக்குக்கு வந்தன. 1980இல் பிரித்தானியச் சந்தைக்கு வந்த பெனொக்சபுறொபென், முதியோர் பலரின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு 1982இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. புதியது என்பதொன்றே நல்லது என்பதற்குச் சான்றாகாது என்னும் உண்மையை இந்நிகழ்ச்சிகள் விளக்கமாக எடுத்துக் காட்டின.

இவ்வுண்மையைக் கொழும்பிலிருந்து முன்னரே வற்புறுத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே ஆவர். 1920இற் பிறந்த இவர், கொழும்பு மருத்துவக் கல்லூரியிற் பயின்று, எடின்பரோவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரானார். மருந்தைக் கம்பனி சூட்டிய பெயராலன்றி அதன் பொதுப் பெயராலேயே மாணவரும் மருத்துவரும் அறிதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அரச வைத்தியசாலைகளுக்கு வேண்டிய மருந்துகளைப் பொதுப் பெயரால் தொகுத்துரைக்கும் முயற்சியில் அவர் முன்னின்றார்.

1971இல் பிபிலேயும், மருத்துவரும் அரசியற் றலைவருமாகிய எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் நாட்டின் மருந்து வழங்கலைப் பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். அதன் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதற் றலைவரானார். அக்காலத்துத் தனியார் சந்தையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகள் வழங்கின. ஒன்றையொன்று ஒத்தனவும் பயன் நிறுவப்படாதனவும் நீக்கப்பட்டு அவை ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. தெரிந்தெடுத்த மருந்துகளை உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் கோரி மொத்தமாக வாங்கும் முறை தொடங்கியது. ஒரே மருந்தை ஒரு கம்பனி கூறிய விலையிலும் மிகக் குறைந்த விலையில் இன்னொரு கம்பனியிடம் பெறலாம் என்பது இதனால் வெளிப்பட்டது. நோவு மாத்திரையை நாள்தோறும் உண்ணவேண்டியிருக்கும் முதியவர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. சில நாட் காய்ச்சலுக்கு விலை மிகுந்த மருந்தை ஒருவாறு வாங்கிவிடலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் மூட்டு நோவுக்கு அவ்வாறு வாங்குதல் எளிய குடும்பத்துக்கு இயலாததொன்றாம்.

பெருங் கம்பனிகளும் மருத்துவருள் ஒரு சாராரும் இக்கொள்கையை எதிர்த்தனர். குறைந்த விலை மருந்து தரங்குறைந்ததாகலாம் என்பது அவர் வாதம். இவ்வாதம் முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. தரத்தைச் சோதிக்கும் கூடமும் திறனும் இன்றி மலிவை மட்டும் நாடுதல் கேடே பயக்கும். எனினும் தரத்துக்குச் சான்று சோதனையேயன்றிப் பெயரன்று என்பதே பிபிலேயின் விடையாயிருந்தது. 1977இல் ஆட்சி மாறியபோது கொள்கையும் தளர்ந்தது. அவ்வாண்டு செப்தெம்பர் 29ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் பணியை மேற்கொண்டு கயானா சென்றிருந்த வேளையில் பிபிலே காலமானார். உலக சுகாதாரத் தாபனம் இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. குறைந்த எண்ணிக்கையில் தேர்ந்த மருந்துகளைப் பொதுப் பெயரால் வழங்குதல் என்னும் கருத்து, இவ்வாறு உலகத்தின் பொதுக் கருத்தாயிற்று.

இதற்கிடையில் இம்மருந்துகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்னும் மறையும் வெளிப்பட்டது. 1971இல் இலண்டனில் ஜோன் வேன் என்பவர், அஸ்பிரின் முதலியவை புறொத்தாகிளாண்டின் என்னும் பொருள்களின் ஆக்கத்தைத் தடுக்கின்றன என நிறுவினார். 1982இல் நொபெல் பரிசில் பங்கு பெற்றார். வீக்கத்தையும் நோவையும் எழுப்பும் அப்பொருள்களே இரைப்பையின் உட்சுவரைக் காப்பனவுமாம். ஆகவே நோவு தணியும் வழியிலேயே இரைப்பைப் புண்ணும் குருதிப் பெருக்கும் நேரலாயின. இவ்விரண்டையும் பிரிக்கும் நோக்கத்துடன் ஆக்கப்பட்ட றொவெகொக்சிப் 1999இல் வெளிவந்தது. இரைப்பைக்கு அது இழைத்த தீங்கு குறைவே. ஆயினும் நெடுங்காலம் உண்டோரில் மாரடைப்பும் பாரிசவாதமும் மிகுந்தமை தெரியவர, 2004ஆம் ஆண்டு செப்தெம்பர் 30ஆம் நாள் அம்மருந்தை ஆக்கிய கம்பனியே அதனை உலகமெங்கும் மீட்டுக்கொண்டது. மிகுந்த விளம்பரத்தோடு வந்த ஒரு மருந்து ஐந்தாண்டுகளில் மறைந்தது.

இற்றைநாள் ஆராய்ச்சி கூறுவதைச் சுருங்க நோக்குவது தகும். தேய்ந்த கசியிழையத்தை மீண்டும் வளரச் செய்யும் மருந்தாக நிறுவப்பட்டது இதுவரை ஒன்றுமில்லை. முழங்காலுக்கு டைக்குளோபினக் முதலியவற்றைக் களிம்பாகப் பூசுதல் முதலில் ஆளத்தக்க முறையெனக் கருதப்படுகின்றது. குருதியிற் கலக்கும் அளவு குறைவாதலின் கேடும் குறைவு. பற்றிட்ட முன்னோரின் கருத்து இவ்வழியில் மீள வந்தமை காண்க. இடுப்பு மூட்டு ஆழத்தில் உள்ளதாதலின் களிம்பு ஆங்கு போதிய பயன் தாராது. உண்ணும் மாத்திரைகளைக் குறைந்த அளவிற் குறுகிய காலம், இரைப்பையையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் மருத்துவர் ஆராய்ந்த பின்னரே கொள்ளல் வேண்டும். இலங்கையில் வீடுதோறும் உள்ள பரசிற்றமோல் இந்நோய்க்குத் தரும் பயன் மிகச் சிறிதென்பது தெளிவாகியுள்ளது. 2022ஆம் ஆண்டின் பிரித்தானிய வழிகாட்டி அதனை வழக்கமாகக் கொடுத்தல் வேண்டாமென்கின்றது. 2006இல் வெளிவந்த, 1,583 நோயாளிகளை உட்கொண்ட அமெரிக்கச் சோதனையில், குளுக்கோசமீன் வெற்று மாத்திரையினும் மேம்பட்டதென மொத்தத்தில் நிறுவப்படவில்லை. 2017இல் வெளியான இன்னொரு சோதனையில், மூன்று மாதத்துக்கொருமுறை ஈராண்டுக்கு ஸ்ரீரொயிட் ஊசி பெற்ற முழங்கால்களில் கசியிழையம் கூடுதலாக மெலிந்தது. 2018இல், அபின் வழிவந்த மருந்துகள் ஏனையவற்றினும் சிறந்தனவல்ல என்பதும் காட்டப்பட்டது. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் உடற்பாரக் குறைப்புமே சிகிச்சையின் அடித்தளமாகும். மருந்தும் பயிற்சியும் பயன்படாத நிலையில், 1962இல் ஜோன் சாண்லி செம்மைப்படுத்திய இடுப்பு மாற்றுச் சிகிச்சையும் அதன் வழிவந்த முழங்கால் மாற்றும் துணை நிற்கின்றன.

இலங்கையில் பிபிலேயின் கொள்கை முற்றும் மறைந்துவிடவில்லை. கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்தகங்கள் நிலைபெற்றன. 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை தோன்றியது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அளவான அந்நியச் செலாவணியைக்கொண்டு எதனை முதலில் வாங்குவது என்னும் வினா மீண்டும் எழுந்தது. அது 1971இல் எழுந்த அதே வினாவாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் கூறி முடிகின்றது. நோயாளி, மருத்துவன், அருகிருந்து பேணுவோன் ஆகிய மூவரோடு மருந்தும் ஒன்று, ஒன்றே. மூட்டு நோவின் வரலாறும் அதனையே உரைக்கின்றது. கடையிற் பெயரை மட்டும் கூறி மாத்திரை வாங்குவோன், தன் உடலையும் பொருளையும் அறியாது பணயம் வைப்பவனாவான். அதன் பொதுப் பெயர் யாது, பயன் எவ்வளவு, கேடு யாது, விலை தகுமா என வினவுவோனோ தனக்கும் நாட்டுக்கும் ஒருங்கே நன்மை செய்பவனாவான். அவ்வினாக்களைக் கேட்கும் பழக்கத்தைக் கற்றோர் தத்தம் இல்லங்களில் தொடங்குவாராயின், கொழும்பு மருந்தியற் கூடத்தில் பிறந்த கொள்கை தன் முழுப் பயனை எய்தும்.