உறைய வைத்த பீட்சா: ஓரம் கருகுது, நடுவுல நொதநொதன்னு இருக்கா? சரிசெய்ய சில வழிகள்

இரவு 10 மணி. வேலை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். வெளியே போய்ச் சாப்பிடத் தெம்பில்லை. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் போன வாரம் வாங்கிய பீட்சா ஒன்று இருக்கிறது.

அட்டைப்பெட்டியில் இருக்கும் படம் பிரமாதம்! ஆனால் சூடாக்கி எடுத்தால்? ஓரம் கருகல், நடுவில் ஈர மாவு. "அடுத்த தடவை கடையிலேயே வாங்கிக்கலாம்" என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். குறை பெரும்பாலும் பீட்சாவில் இல்லை. தேர்ந்தெடுப்பதிலும் சூடாக்குவதிலும் சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

நடுவுல ஏன் நொதநொதன்னு ஆகுது?

பீட்சாவின் மேல் இருக்கும் தக்காளிச் சாறு, காய்கறி, சீஸ் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. உறையும்போது அது பனிக்கட்டியாகிறது. சூடுபட்டதும் உருகி, நேராக மாவுக்குள் இறங்குகிறது.

அந்த நேரத்தில் அடிப்பகுதி நல்ல சூட்டில் இருந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். மாவு மொறுமொறுப்பாகும். அடியில் சூடு போதவில்லை என்றால் மாவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மேலே சீஸ் பொன்னிறமாகிவிட்டதைப் பார்த்து நாமும் வெளியே எடுத்துவிடுகிறோம்.

ஆக, மேலே கிடைக்கும் சூட்டைவிட அடியில் கிடைக்கும் சூடுதான் முக்கியம்.

கடையில் எதைப் பார்ப்பது?

- பெட்டியை லேசாக அசைத்துப் பாருங்கள். உள்ளே பனித்தூள் நிறைய உதிர்கிறதா? மேலே போட்டதெல்லாம் ஒரு பக்கம் குவிந்திருக்கிறதா? பீட்சா ஒருமுறை உருகி, மறுபடி உறைந்திருக்கலாம். வேறு பெட்டியை எடுங்கள்.

- மாவு எந்த வகை? சிலவற்றில் மாவு ஏற்கெனவே வேகவைக்கப்பட்டிருக்கும். மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் தயாராகும். சிலவற்றில் மாவு பச்சையாக இருக்கும். ஓவனில்தான் உப்பி வரும். அதற்குக் கூடுதல் நேரம் தேவை.

- பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமாக உள்ள பொருள்தான் முதலில் வரும். சீஸ் பட்டியலின் கடைசியில் இருந்தால், படத்தில் வழியும் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். சிலவற்றில் சீஸுக்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்த சீஸ் போன்ற பொருள் இருக்கும். விலை குறைவு, சுவையும் வேறு.

- அளவு. உங்கள் ஓவன் அல்லது ஏர் ஃபிரையரின் உட்பகுதியை வீட்டிலேயே அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உறைந்த பீட்சாவைக் கத்தியால் வெட்டுவது சிரமம், ஆபத்தும்கூட.

பேரங்காடியில் பீட்சாவைக் கடைசியாக எடுங்கள். நம் ஊர் வெயிலில் உறைந்த உணவு உருக அதிக நேரம் ஆகாது. வெப்பம் தாங்கும் பை ஒன்று கைவசம் இருந்தால் நல்லது.

சைவமா? ஹலாலா?

மேலே காய்கறி மட்டும் இருந்தால் அது சைவம் என்று சொல்லிவிட முடியாது. சீஸ் செய்யப் பாலைத் திரிய வைக்க வேண்டும். அதற்குச் சில வகைகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும் ரெனெட் என்ற நொதி பயன்படுகிறது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ சீஸ் அப்படித்தான் செய்யப்படுகிறது. நுண்ணுயிரிலிருந்து பெறப்படும் ரெனெட்டும் உண்டு.

வீட்டில் பாட்டியோ அம்மாவோ சுத்த சைவம் என்றால், பெட்டியில் சைவச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் ஹலால் சின்னத்தைத் தேடுங்கள். "பன்றி இறைச்சி இல்லை" என்று எழுதியிருப்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல.

உப்புக் கணக்கு

பெரியவர் ஒருவர் நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கும் குறைவாக உட்கொள்ளும்படி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு.

இப்போது ஒரு கணக்கு. 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் சோடியம் என்று லேபிளில் இருக்கிறது; பீட்சாவின் எடை 340 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முழுதாகச் சாப்பிட்டால் 1,700 மில்லிகிராம். ஒரு நாள் அளவு கிட்டத்தட்ட ஒரே வேளையில் முடிந்துவிட்டது!

இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு:

- "ஒரு பரிமாறலுக்கு" என்ற எண் பாதி பீட்சாவுக்கானதாக இருக்கலாம்.
- ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்டிகளில் சோடியத்துக்குப் பதில் உப்பின் அளவு இருக்கும். அதை 2.5ஆல் வகுத்தால் சோடியம் கிடைக்கும். 1.25 கிராம் உப்பு என்றால் 500 மில்லிகிராம் சோடியம்.

பாதி பீட்சா, கூடவே ஒரு கிண்ணம் சாலட் அல்லது பழம். வயிறும் நிறையும்.

எதில் சூடாக்குவது?

பெட்டியில் உள்ள குறிப்புதான் முதல் வழிகாட்டி. அதோடு இவற்றையும் கவனியுங்கள்.

ஓவன்: முன்கூட்டியே 10 முதல் 15 நிமிடம் சூடேற்றுங்கள். தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்கி, அந்தச் சூடான தட்டில் பீட்சாவை வையுங்கள். அடி மொறுமொறுப்பாக வரும். கம்பித் தட்டில் நேராக வைத்தால், சொட்டும் சீஸைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு இருக்கட்டும்.

சிறிய டோஸ்டர் ஓவன்: வீவக வீடுகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. சூடேற்றும் கம்பி பீட்சாவுக்கு மிக அருகில் இருப்பதால் மேல்பகுதி சீக்கிரம் கருகும். கீழ்த் தட்டில் வையுங்கள். மேலே நிறம் மாறியதும் அலுமினியத் தாளால் மூடலாம். ஆனால் தாள் கம்பியைத் தொடவே கூடாது.

ஏர் ஃபிரையர்: மெல்லிய சிறிய பீட்சாவுக்கு 180 டிகிரி செல்சியஸ் போதும். 6 நிமிடத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். காலியாகச் சூடேற்றும்போது பேக்கிங் தாளை உள்ளே போடாதீர்கள். காற்றில் பறந்து, கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கலாம்.

தோசைக்கல் அல்லது வாணலி: ஓவன் இல்லையா? மாவு ஏற்கெனவே வெந்த மெல்லிய பீட்சாவுக்கு மட்டும் இது சரிவரும். சிறு தீயில் மூடி போட்டு, சீஸ் நன்கு உருகி நடுப்பகுதி கொதிக்கச் சூடாகும்வரை வையுங்கள்.

மைக்ரோவேவ்: அது உணவிலுள்ள தண்ணீரைச் சூடாக்குகிறது, மாவை மொறுமொறுப்பாக்குவதில்லை. பெட்டியில் மைக்ரோவேவ் குறிப்பு இருந்தால் மட்டும் முயலலாம்.

எதில் வைத்தாலும் பிளாஸ்டிக் உறை, அட்டை, நுரைத் தட்டு எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் மறந்துபோவது சகஜம்தான்!

"ஏற்கெனவே செஞ்சதுதானே, லேசாச் சூடாக்கினா போதாதா?"

போதாது. உறைய வைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை. அவை பெருகாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

2022ஆம் ஆண்டு பிரான்ஸில் உறைந்த பீட்சாவுடன் தொடர்புடைய ஈ.கோலி கிருமித்தொற்று ஏற்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். இரு பிள்ளைகள் மாண்டனர். பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம் என்பதை அது எல்லாருக்கும் நினைவூட்டியது.

எனவே பீட்சாவின் நடுப்பகுதி குறைந்தது 75 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக வேண்டும். உணவு வெப்பமானி இல்லையென்றால் நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே ஆவி பறக்க வேண்டும். மாவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

கொஞ்சம் நம்ம ருசி

முந்தைய நாள் கோழிக் கறி மிச்சம் இருக்கிறதா? குழம்பை வடித்து, இறைச்சியைப் பிய்த்து மேலே தூவுங்கள். குழம்போடு போட்டால் மறுபடி நொதநொதப்புதான். வெங்காயம், குடைமிளகாயை மெல்லியதாக நறுக்குங்கள். கறிவேப்பிலையைக் கடைசி 2 நிமிடத்தில் போட்டால் கருகாது. ஏற்கெனவே உப்பு அதிகம் என்பதால் நெத்திலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தால்?

வெளியே எடுத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஓரிரு நாளுக்குள் வாணலியில் மூடி போட்டு, நன்கு சூடாக்கிச் சாப்பிடுங்கள். உருகிப்போன பீட்சாவை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

சூடாக வெளியே எடுத்ததும் 2 நிமிடம் காத்திருந்து வெட்டுங்கள். சீஸ் வழியாது, நாக்கும் சுடாது. பசியில் அந்த 2 நிமிடம்தான் ரொம்பக் கஷ்டம்!