கோவளக் கரையும் தமிழர் வரலாறும்

வட இந்திய நகரங்களில் மார்கழிக் குளிர் உறைக்கத் தொடங்கியதும், பணி நிமித்தமாக அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுவதுண்டு. விடுமுறைக்கு எங்கே செல்வது என்பதே அப்பேச்சு. குழந்தைகளுக்குக் கடல் வேண்டும். பெரியவர்களுக்குக் கோயில் வேண்டும். எல்லோருக்கும் சிறிது வெயில் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நகரம் திருவனந்தபுரம். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கோவளக் கடற்கரை இருக்கிறது. ஆயினும், "அது மலையாள நாடு அன்றோ? ஊருக்குப் போய் வந்த நிறைவு அங்கே கிட்டுமா?" என்று சிலர் தயங்குகின்றனர். இத்தயக்கத்திற்கு வரலாறு தரும் விடை யாது என்று காண்போம்.

கோவளம் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளம் உண்டு. கன்னியாகுமரிக்கு அருகில் மற்றொன்று உண்டு. திருவனந்தபுரத்துக் கோவளமோ மீனவர் வாழ்ந்த சிற்றூராக இருந்து, அண்மைக் காலத்தில்தான் உலகறிந்த ஓய்விடமாயிற்று. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட மகாராணி சேது லட்சுமி பாயியின் கணவர், 1932-ஆம் ஆண்டில் இங்குள்ள குன்றின்மீது ஹால்சியன் மாளிகையைக் கட்டினார். அரச குடும்பத்தினர் கடற்காற்று வாங்குவதற்காக எழுந்த அம்மாளிகை 1964-இல் அரசின் உடைமையாயிற்று. பின்னர் அக்குன்றின் சரிவிலேயே, இயற்கை எழிலைக் குலைக்காத வகையில், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா ஓர் அரசு விடுதியை வடிவமைத்தார். 1970-களில் வெளிநாட்டு இளைஞர்கள் திரள் திரளாக வரலாயினர். கலங்கரை விளக்கம் எழுந்தது 1972-இல். அரசின் விடுதி 2002-இல் தனியார் கைக்கு மாறியது. ஆகவே, ஓய்விடம் என்ற முறையில் கோவளத்திற்கு வயது நூறு கூட நிரம்பவில்லை.

ஆனால் கோவளத்திலிருந்து தெற்கு நோக்கிச் சற்றே நடந்தால் விழிஞம் வந்துவிடுகிறது. அங்கே ஆண்டுக் கணக்கு நூற்றாண்டுக் கணக்காகிவிடுகிறது. பொதிய மலைப் பகுதியையும் அதன் மேற்கே கடல் வரையுள்ள நாட்டையும் ஆண்ட ஆய் வேந்தர்களின் துறைமுகம் விழிஞம். கரையை ஒட்டியே கடல் ஆழமாக இருப்பது இத்துறையின் தனிச்சிறப்பு. அதுவே இதன் செல்வத்திற்கும் இதன்மீது நடந்த போர்களுக்கும் காரணமாயிற்று. பாண்டியன் நெடுஞ்சடையன் வேணாட்டரசனை வென்று விழிஞத்தை அழித்த செய்தியைச் சீவரமங்கலச் செப்பேடு தெரிவிக்கிறது. பின்னர் முதலாம் இராசராச சோழனின் படைத்தலைவன் இவ்வூரைக் கைப்பற்றினான். கடலையே அகழியாகக் கொண்ட கோட்டை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதனைக் குறிக்கிறது.

அப்போர்களின் ஆரவாரம் அடங்கிவிட்டது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு குடைவரை மட்டும் விழிஞத்தில் இன்றும் நிற்கிறது. சிறிய கருவறை ஒன்று. அதனுள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிப்புறப் பாறையின் ஒரு பக்கம் திரிபுரம் எரித்த சிவன். மறு பக்கம் உமையுடன் ஆடும் சிவன். வெளியே உள்ள இவ்விரு சிற்பங்களும் முற்றுப் பெறவில்லை. மாமல்லபுரத்தையும் பிள்ளையார்பட்டியையும் கண்டு பழகிய கண்ணுக்கு, இங்கே உளி பிடித்த கை அயலார் கையாகத் தோன்றாது.

இனி நகரத்திற்குத் திரும்புவோம். இராசராசனின் கல்வெட்டுகள் பலவற்றில் முதல் வெற்றியாகப் போற்றப்படுவது காந்தளூர்ச் சாலையில் அவன் கலமறுத்த செயல். திருவனந்தபுரத்திலுள்ள வலிய சாலையே அந்த இடம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கலம் என்றது மரக்கலத்தையா, உண்கலத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இந்நகரில் மகளிர் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இதனை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சாலை என்பது கல்வி நிலையம் என்பதற்குச் சான்று பார்த்திவபுரச் செப்பேடு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில், காந்தளூரின் முறையைப் பின்பற்றி, 95 மாணவர்க்கு உணவும் உறையுளும் அளிக்கும் சாலையொன்றை நிறுவினான் என்பதை அது கூறுகிறது. அச்செப்பேட்டின் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து.

பதுமநாப சுவாமி கோயிலுக்கும் தமிழ் புதியதன்று. பொருநைக் கரையில் பிறந்த நம்மாழ்வார், திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒரு திருமொழி முழுவதையும் இத்தலத்திற்கே அளித்திருக்கிறார். இக்கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் தென்பாண்டி நாட்டுக் கோபுரங்களுடன் உறவு கொண்டாடுவது. பங்குனியிலும் ஐப்பசியிலும் நடைபெறும் விழாக்களின் நிறைவில் இறைவன் சங்குமுகக் கடலுக்கு நீராட எழுந்தருளுகிறான். ஊர்வலம் செல்லும் வழியில்தான் விமான நிலையத்தின் ஓடுபாதை அமைந்திருக்கிறது. ஆறாட்டு நாட்களில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தை நிறுத்தி, இறைவனுக்கு வழி விடுகிறார்கள்.

இசையிலும் எழுத்திலும் இத்தொடர்பு வளர்ந்தே வந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையை அலங்கரித்தார். தந்தத்தால் அமைந்த பிடில் ஒன்றை 1834-இல் மன்னர் அவருக்குப் பரிசளித்தார். மனோன்மணீயம் நாடகத்தை 1891-இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை, இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அவர் பிறந்த ஊர் ஆலப்புழை. தமிழக அரசு 1970-இல் ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்து அந்நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது. டில்லியிலோ மும்பையிலோ தமிழ்ச் சங்க விழாவில் நம் குழந்தைகள் அதனைப் பாடும்போது, தமிழகத்திற்கு வெளியே பிறந்து, வெளியே வாழ்ந்த ஒரு தமிழரின் சொற்களைப் பாடுகிறார்கள். இதனை அவர்களுக்கு நாம் எடுத்துரைத்ததுண்டா?

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. நெடிய போராட்டத்தின் பயனாக வந்த எல்லை அது. ஆயினும் ஒரு வழக்கம் அவ்வெல்லையால் அறுபடவில்லை. திருவிதாங்கூரின் தலைநகர் 1795-இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியபின், நவராத்திரி விழாவும் புதிய தலைநகருக்கு வந்தது. கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் 50 கிலோமீட்டருக்கு மேல் பவனி வந்து, விழா முடிந்ததும் திரும்புகின்றனர். இன்று அப்பவனி களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கும்போது, இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கின்றனர். தமிழக மண்ணிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு பேணி வருகிறது. நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டோர் நினைவைப் பங்கிடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புறப்படுவோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும். கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் அலை சீறும். எக்காலத்திலும் உயிர்காப்பாளரின் செங்கொடி பறக்குமிடத்தில் நீரில் இறங்கலாகாது. கோயிலுக்குள் ஆடவர் வேட்டியும் மகளிர் சேலையும் அணிந்து செல்ல வேண்டும்.

ஆழம் மிகுந்த அந்தப் பழந்துறையில் இன்று பன்னாட்டுச் சரக்குத் துறைமுகம் இயங்குகிறது. 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன் 2022-இல், கடல் அரிப்பால் வீடிழந்த மீனவர் பல மாதங்கள் போராடினர். துறைமுகத்தால் வரும் வளமும் அதற்குக் கரைவாழ் மக்கள் கொடுக்கும் விலையும் விழிஞத்திற்குப் பழைய கதையே.

ஆகவே, இவ்விடுமுறையில் கோவளத்திற்குச் செல்லும் பெற்றோர் ஒரு காலைப் பொழுதை விழிஞத்துக் குடைவரைக்கு ஒதுக்க வேண்டுகிறேன். முற்றுப் பெறாத அச்சிற்பங்களுக்கு முன் குழந்தைகளை நிறுத்தி, இக்கரையின் கதையைத் தமிழில் சொல்லுங்கள். பிறகு அவர்கள் மணலில் ஆடட்டும். அடுத்த ஆண்டு எங்கே செல்வது என்ற பேச்சு எழும்போது, அவர்களே இவ்வூரின் பெயரைச் சொல்லக்கூடும்.