சரம்–எண் இனமாற்றம்

நிரலாக்கத்தில் எழுத்துகளின் தொடரான சரத்தைக் கணக்கிடத்தக்க எண்ணாகவும், எண்ணைச் சரமாகவும் மாற்றுவது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பு சி++ மொழியிலும் 12ஆம் வகுப்பு பைதானிலும் மாணவர்கள் இதைச் சந்திக்கிறார்கள்.

பைதான் 3-இல் ‘இன்புட்’ செயற்கூறு எதைப் பெற்றாலும் சரமாகவே தரும். 5, 7 என்று தட்டிக் கூட்டினால் 12 வராது, 57 வரும். ‘இன்ட்’ கொண்டு மாற்றிய பிறகே கூட்டல் நடக்கும். காற்புள்ளியுடன் 12,500 என்ற சரத்தைக் கொடுத்தால் மதிப்புப் பிழை. காற்புள்ளியை முதலில் நீக்க வேண்டும்.

இலக்கங்களால் ஆனதெல்லாம் எண் அல்ல. சென்னைப் பகுதியின் தொலைபேசிக் குறியீடான 044-ஐ எண்ணாக்கினால் 44 மட்டுமே மிஞ்சும். தொலைபேசி எண்ணைச் சரமாகவே வைப்பதுதான் சரி.

தமிழ் இலக்கங்களையும் பைதான் அறியும்: ௧௨௩ என்ற சரம் 123 ஆகிவிடும். ஆனால் பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ இடமதிப்பு இலக்கங்கள் அல்ல என்பதால் பிழை தரும். தமிழ்ச் சுழியம் (௦) யூனிகோடில் சேர்ந்ததே 2005இல், 4.1 பதிப்பில்தான்.

எண்ணைச் சரமாக்கும் வடிவமைப்பில் நம் மாணவருக்கு உறுத்துவது காற்புள்ளி. காற்புள்ளி கேட்டால் பைதான் இயல்பாகத் தரும் வடிவம் 1,234,567. நம் லட்சக் கணக்கு 12,34,567. இதற்கு இந்திய வட்டார அமைப்பைத் தனியே அமைக்க வேண்டும். இரு தசம இடங்கள் கேட்டால் 45.5 ரூபாய் 45.50 என அச்சாகும். அந்த விடை மீண்டும் ஒரு சரமே.