கைக்கருவி மார்க்குகளின் கைமாற்றமும் தரமும்

ஒரு நாட்டில் பெயரெடுத்த மண்வெட்டி, கோடாலி, குறடு போன்ற கைக்கருவிகளின் மார்க்கை வெளிநாட்டுக் கம்பனி விலைக்கு வாங்குவதும், அதன்பின் கருவி முன்னைப்போல் இல்லை என்ற முறைப்பாடு எழுவதும் பல நாடுகளில் நடந்தவை. முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைப் போன்ற விவசாய ஊருக்கு இது நேரடியாக உறைக்கும் விடயம். உழவு இயந்திரம் வந்துவிட்டாலும் வரம்பு கட்டவும், வாய்க்கால் திருப்பவும், கச்சான் தோட்டத்தில் களை கொத்தவும், நெடுங்காலம் கிடந்து பற்றை மூடிய காணியைத் துப்புரவாக்கவும் மண்வெட்டியும் கத்தியுமே வேண்டும். மீள்குடியேற்ற காலத்தில் திரும்பிவந்த குடும்பங்களுக்கு உதவி அமைப்புகள் கொடுத்த பொருட்களில் மண்வெட்டி, கோடாலி, கத்தி, அலவாங்கு ஆகியன இருந்ததற்கும் அதுவே காரணம். தரம் குறைந்ததற்கான பழியை வாங்கியவரின் நாட்டின்மேல் போடுவது பொது வழக்கம். சான்றுகளைப் பார்த்தால், மார்க்கோடு சேர்த்துப் பட்டறையும் தொழில் தெரிந்த கைகளும் போயினவா, பெயர் மட்டும் போனதா என்பதில்தான் விடை இருக்கிறது.

மண்வெட்டியின் தரம் கண்ணுக்குத் தெரியாது என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. உருக்கில் கரியின் அளவு குறைந்தால் தகடு மென்மையாகி, கல் பட்டதும் வாய் மடியும். கரி போதுமானதாக இருந்து, சூடாக்கித் தோய்த்தபின் மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தாமல் விட்டால், வாய் கண்ணாடிபோல் உடையும். பிடி செருகும் வளையத்தை ஒரே துண்டு இரும்பில் அடித்து எடுப்பதற்கும், தனியே செய்து தகட்டில் ஒட்டுவதற்கும் பலத்தில் பெரிய வேறுபாடு உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பூச்சு மறைத்துவிடும். கடையில் நிற்பவர் சோதிக்க முடியாததை மார்க் உறுதிப்படுத்துகிறது. அவர் காசு கொடுப்பது அந்த உறுதிக்கும் சேர்த்துத்தான். ஆகவே ஒரு மார்க்கை வாங்குபவர் பல பத்தாண்டு நம்பிக்கையையும் வாங்குகிறார். அதைச் செலவழித்துத் தீர்க்கவும் அவரால் முடியும், ஏனெனில் செலவு குறைந்தது உடனே கணக்கில் தெரியும். பெயர் கெடுவதற்கோ ஆண்டுகள் பிடிக்கும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ரெக்கோர்ட் மார்க் இதற்கு நல்ல சான்று. 1980களின் தொடக்கத்தில் சுவீடனின் பாக்கோ கம்பனி அதை வாங்கியது. உற்பத்தி ஷெஃபீல்டிலேயே தொடர்ந்தது. 1985இல் உள்ளூர் நிர்வாகிகள் அதை மீட்டெடுத்தனர். 1998இல் ஓர் அமெரிக்கக் கம்பனி வாங்கியது, 2002இல் அது நியூவெல் குழுமத்தின் கைக்குப் போனது, பிறகு சில ஆண்டுகளில் ஷெஃபீல்ட் உற்பத்தி நின்றது. இரண்டு தடவையும் வாங்கியவர் வெளிநாட்டவரே. முடிவு மட்டும் வேறு. அமெரிக்காவின் கிராப்ட்ஸ்மன் கதை இன்னும் தெளிவானது. அந்த மார்க் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியிடம் இருந்தபோதே பல கருவிகளின் உற்பத்தி ஆசியாவுக்குப் போய்விட்டது. 2017இல் அதை வாங்கிய ஸ்டான்லி பிளக் அண்ட் டெக்கரும் அமெரிக்கக் கம்பனிதான். டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் புதிய தொழிற்சாலை அமைத்து உள்நாட்டிலேயே செய்வோம் என்றது. 2023இல் அதை மூடுவதாக அறிவித்தது. இந்தக் கைமாற்றத்தில் வெளிநாட்டவர் எவருமே இல்லை.

எதிர்த் திசையில் இந்தியாவின் தப்பாரியா நிற்கிறது. 1969இல் சுவீடன் கம்பனி ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு கருவி செய்யத் தொடங்கிய இக்கம்பனி, நாசிக்கில் ஆலை வைத்து, கற்ற வித்தையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வெளிநாட்டுத் தொடர்பு இங்கே உள்ளூர்ப் பட்டறையை வளர்த்தது. அந்நிய முதலீடு வந்தால் இயந்திரமும் அறிவும் வரும் என்று வாதிடுவோர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அவை வந்து தங்கும் வகையில் உடன்பாடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இலங்கையில் நிலைமை சற்று மாறுபட்டது. முதலைச் சின்னம் பொறித்த மண்வெட்டி இங்கே பலருக்கும் சொந்தப் பொருள்போல் பழகியிருந்தாலும், அது இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனைச் சேர்ந்த சிலிங்டன் கம்பனியின் பெயரோடு வந்தது. நாட்டுக்குள் தனக்கென இரும்புத் தொழிலைக் கட்ட எடுத்த பெருமுயற்சி, சோவியத் உதவியோடு 1960களில் ஒறுவலையில் எழுந்த உருக்குக் கூட்டுத்தாபனம். 1996இல் அது தென்கொரியாவின் ஹன்ஜுங் கம்பனிக்கு விற்கப்பட்டது. கட்டடக் கம்பியைப் பொறுத்தவரை எவர் உரிமையாளரானாலும் எஸ்.எல்.எஸ். 375 என்ற தரக் குறியீடு இருக்கிறது. பொறியியலாளர் அதைக் கேட்டு வாங்குகிறார். கமக்காரர் மண்வெட்டி வாங்கப் போகும்போது அவருக்காகக் கேட்க அப்படி ஒருவர் இல்லை.

பழையது எல்லாம் நல்லது என்ற நினைப்பே மயக்கம் என்பது ஒரு மறுப்பு. அன்று செய்த மட்டமான கருவிகள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தேறியவை மட்டும் கண்முன் இருப்பதால் அந்தக் காலமே சிறந்ததாகத் தெரிகிறது. இது நியாயமான எச்சரிக்கை. எனினும் ஒரே மார்க்கின் ஒரே அளவுக் கருவியில் தகடு மெலிந்திருப்பதையும் வளையம் ஒட்டுவேலையாக மாறியிருப்பதையும் அளந்தே காட்டலாம். அதற்கு நினைவின் உதவி தேவையில்லை. மலிவான கருவி ஏழைக்கு உதவி என்பது இன்னொரு மறுப்பு. மலிவுப் பொருளை மலிவுப் பெயரில் விற்றால் அதில் குறையில்லை. பழைய பெயருக்குரிய விலையை வாங்கிக்கொண்டு வேறு பொருளைக் கொடுப்பதே அநீதி. வன்னிச் செம்மண் காய்ந்து இறுகும் காலத்தில் வாய் மடியும் மண்வெட்டியால் விவசாயிக்குப் போவது அதன் விலை மட்டுமல்ல, அன்றைய கூலியும்தான்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இரும்புப் பொருட்கள் வன்னிக்கு வருவது அரிதானபோது, உள்ளூர்க் கொல்லர்கள் பழைய வாகனங்களின் வில்லுத் தகட்டை அடித்துக் கத்தியும் கோடாலியும் செய்தனர். வில்லுத் தகடு நல்ல கரியுருக்கு. தோய்ச்சல் தெரிந்தவர் கையில் அது எந்த மார்க்குக்கும் குறையாத கருவியாகும். அந்தக் கொல்லர் பட்டறைகளுக்கு மின்சார உலையும் கடினத்தன்மை அளக்கும் கருவியும் கிடைக்கச் செய்வதும், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனத்தின் முத்திரையை அவர்களும் பெற வழிசெய்வதும் அரசாலும் கூட்டுறவுச் சங்கங்களாலும் ஆகக்கூடிய காரியங்கள். இறக்குமதிக் கருவியில் செய்த நாடு, உருக்கின் வகை, செய்த ஆண்டு மூன்றையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விதித்தால், ஒரு மார்க் கைமாறியதும் பொருளில் என்ன மாறியது என்பதை முள்ளியவளைக் கடையில் நிற்பவரும் வாங்குமுன் அறியலாம்.